வீட்டு வளவில் வளர்ந்த மரம் நடுதல்: யாழ்ப்பாணத்துக்கான கேள்வி–பதில்கள்

வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பி வீடு கட்டியவர்கள் பலருக்கு வீடு இருக்கிறது, நிழல் இல்லை. நகரப் பக்கத்திலும் அத்திவாரம் வெட்டும்போது மாவும் வேம்பும் தறிக்கப்பட்டு, குடிபுகும் நாளில் வளவு வெறுமையாகக் கிடக்கிறது. அப்படியான வளவுகளில் ஓரளவு வளர்ந்த மரத்தைக் கொண்டுவந்து நடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

வளர்ந்த மரம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

உயரத்தைப் பார்க்காதீர்கள், அடிமரத்தைப் பாருங்கள். நிலத்திலிருந்து அரை அடி உயரத்தில் அடிமரத்தின் விட்டம் 2 முதல் 4 அங்குலம் வரை இருந்தால் அதையே இங்கே வளர்ந்த மரம் என்கிறோம். நூலால் சுற்றி அளந்து 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும்; சுற்றளவு ஒன்பதரை அங்குலம் என்றால் விட்டம் 3 அங்குலம். இந்த அளவில் மரம் பெரும்பாலும் 8 முதல் 15 அடி உயரம் நிற்கும்.

வீட்டு வளவுக்கு நாங்கள் சொல்வது 2 முதல் 3 அங்குலம். அதற்கு மேலே போனால் செலவும் இழப்பும் சேர்ந்தே ஏறும்.

அப்படி நடுவதால் உண்மையில் என்ன நன்மை?

முதல் நன்மை நிழல். வெயில் நேரே படும் சுவருக்கும் கூரைக்கும், நிழலில் இருப்பவற்றுக்கும் இடையே உச்சி வெயிலில் 11 முதல் 25 பாகை செல்சியஸ் வரை வேறுபாடு இருக்கும். பகல் முழுவதும் சூடேறிய சீமெந்துச் சுவர்தான் இரவு பத்து மணிக்கும் அறைக்குள் வெக்கையை விடுகிறது. அந்தச் சுவரில் பின்னேர வெயில் விழாமல் தடுக்கப் பத்துப் பன்னிரண்டு அடி மரமே போதும். ஒரு முழக் கன்று அந்த உயரத்துக்கு வரும்வரை பல கோடைகள் போய்விடும்.

இரண்டாவது, ஆடு மாடு. மதில் இல்லாத வளவில் சிறு கன்று போவது பெரும்பாலும் நோயால் அல்ல, ஒரே ஒரு ஆட்டின் வாயால். குருத்து ஆடு எட்டாத உயரத்தில் இருந்தால் அந்தக் கவலை பாதி குறையும். அடிமரப் பட்டையைக் கடிக்காமல் மூன்றடி உயரத்துக்குச் சுற்றிக் கம்பிவலை கட்டினால் போதும்.

மூன்றாவது மண். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. நாம் குடிப்பதில் பெரும்பகுதி மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்கிய தண்ணீர். வெறும் தரையில் மழை அடித்தால் மேல்மண் இறுகி வெள்ளம் ஒழுங்கைக்கு ஓடும். மரத்தின் கீழே சருகு கிடந்தால், வேர் மண்ணைத் துளைத்திருந்தால், அதே மழை அங்கேயே இறங்கும். மரமும் தண்ணீர் குடிக்கும் என்பது மெய்தான். ஆனாலும் வளவு முழுக்கச் சீமெந்து போட்டுவிட்டுக் கிணறு வற்றுகிறது என்பதில் நியாயமில்லை.

பழம் விரைவாகக் கிடைக்கும் என்பதையும் பலர் சேர்த்துச் சொல்வார்கள். பையில் வளர்ந்த ஒட்டு மாவுக்கு அது பொருந்தும். நிலத்திலிருந்து கிண்டி எடுத்த மரம் என்றால் முதல் ஆண்டு பூவைக் கிள்ளிவிட வேண்டும்.

சிறு கன்று பெரிய மரத்தை முந்திவிடும் என்கிறார்களே?

பல வேளைகளில் உண்மை. கிண்டி எடுக்கும்போது மரம் தன் வேரின் பெரும்பகுதியை இழக்கிறது. வெப்ப நாட்டில், தண்ணீர் குறையாமல் கிடைத்தால், அடிமரத்தின் ஒவ்வோர் அங்குல விட்டத்துக்கும் வேர் மீள மூன்று முதல் ஆறு மாதம் எடுக்கும். 3 அங்குல மரத்துக்கு ஒன்பது மாதம் முதல் ஒன்றரை வருடம். 6 அங்குல மரத்துக்கு மூன்று வருடம்கூட ஆகலாம். அதுவரை மேலே வளர்ச்சி மந்தமாகத்தான் இருக்கும். அதற்குள் பக்கத்தில் வைத்த கன்று எட்டிப் பிடிக்கும்.

இதனால்தான் எல்லாவற்றையும் பெரிதாக வைக்க வேண்டாம் என்கிறோம். மேற்குச் சுவருக்கு ஒன்று, முற்றத்துக்கு ஒன்று வளர்ந்ததாக இருக்கட்டும். மற்ற இடங்களுக்குக் கன்றே நல்லது. பலாவையும் புளியையும் கட்டாயம் கன்றாகவே வையுங்கள்.

வீட்டின் எந்தப் பக்கத்தில் நட வேண்டும்?

மேற்கு முதலில், கிழக்கு அடுத்தது. வடக்குப் பக்கத்தையும் மறக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட நான்கு மாதமும், அதாவது நம் கடும் கோடையில், நண்பகற் சூரியன் வடக்கே சற்றுச் சாய்ந்து போகும். ஓடு குறைவாக நீட்டிய வடக்குச் சுவர் அப்போது சுடுவது இதனால்தான். தெற்குச் சுவரில் வெயில் விழுவது மாரியிலும் தை மாசியிலும். அந்தப் பக்கத்து மரம் அவசரமில்லை.

தூரத்துக்கு ஓர் எளிய கணக்கு. பின்னேரம் மூன்று மணியளவில் சூரியன் ஏறத்தாழ 45 பாகையில் இருக்கும்; மரத்தின் உயரமும் நிழலின் நீளமும் அப்போது சமம். 12 அடி மரத்தைச் சுவரிலிருந்து 12 அடி தள்ளி நட்டால் மூன்று மணிக்கு நிழல் சுவரின் அடியைத் தொடும், நாலு மணி தாண்டும்போது சுவரில் ஐந்தடி உயரம் ஏறியிருக்கும். மரம் வளர வளர நிழல் முன்னேரமே வந்து சேரும். வேம்பு, மாவுக்குரிய தூரம் இதைவிடக் கூட, அதைக் கீழே சொல்கிறோம். நிழல் உடனே கிடைக்கட்டும் என்று ஆறடியில் நட்டால் பிறகு கிளை கூரையில் உரசும், சருகு பீலியை அடைக்கும்.

எந்த மரங்கள் இடமாற்றத்தைத் தாங்கும்?

தென்னையும் கமுகும் நன்றாகத் தாங்கும்; நார்வேர் என்பதால் அடியைச் சுற்றி ஒன்று முதல் ஒன்றரை அடி மண்ணோடு எடுத்தால் போதும். கீழ் ஓலைகளை வெட்டி, மேல் ஓலைகளைக் குருத்தைச் சுற்றிக் கூட்டிக் கட்டிக் கொண்டுவர வேண்டும். குருத்து முறிந்தால் மரம் முடிந்தது. தாங்குகட்டையை மரத்தில் ஆணியால் அடிக்கக் கூடாது, தென்னையில் பட்ட காயம் மூடாது.

பூவரசு எல்லாவற்றிலும் மலிவு. வேலிக்குக் கதியால் போடுவதுபோலவே, 7–8 அடி நீளமும் 3 அங்குலத் தடிப்பும் உள்ள நேரான முற்றிய கிளையை ஒன்றரை அடி ஆழத்தில் மழையோடு நட்டால் வேர் பிடித்துவிடும். முருங்கையும் அப்படியே. காசு செலவழிக்க முடியாதவர்கள் மேற்குப் பக்கத்தில் மூன்று பூவரசங் கதியால் போடுங்கள்.

வேம்பு 2–3 அங்குலம் வரை சரிவரும். அதற்கு மேல் ஆணிவேர் ஆழமாகப் போயிருக்கும். ஒட்டு மா, கொய்யா, தேசி, மாதுளை, நெல்லி ஆகியவற்றைப் பெரிய பையிலோ தொட்டியிலோ வளர்ந்ததாக வாங்குங்கள். நாவலும் இலுப்பையும் நிலத்திலிருந்து கிண்டி எடுத்தால் தப்புவது அரிது. ஆலும் அரசும் எளிதில் பிடிக்கும், ஆனால் வீட்டு வளவுக்கு உரியவை அல்ல. கோயில் வீதிக்கும் வெட்டைக்கும் உரியவை.

எப்போது நட வேண்டும்?

புரட்டாதிக் கடைசியிலிருந்து ஐப்பசி நடுப்பகுதிக்குள். முதல் மழை விழுந்து மண் இளகியதும் நட்டால் மார்கழி வரை வேருக்கு ஈரமும் இதமும் கிடைக்கும். கார்த்திகை அடைமழையில் நட வேண்டாம்: கிடங்கில் தண்ணீர் நிற்கும், வேரோடு சேர்த்து எடுத்த மண்கட்டி, அதாவது வேர்முட்டு, கரைந்து உதிரும். தை மாதம் நடுபவர்கள் பலர். அந்த மரத்துக்கு வேர் விடுவதற்குள் கோடை வந்துவிடும்.

நாற்றுமேடையில் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

இலையைப் பார்த்து மயங்க வேண்டாம். பையின் அடியைத் தூக்கிப் பாருங்கள். தடித்த வேர் பையைக் கிழித்து நிலத்துக்குள் போயிருந்தால், தூக்கும்போது அறுபடுவது அந்த மரத்தின் முக்கிய வேர். மேல்மண்ணை விரலால் இரண்டு அங்குலம் கிளறுங்கள். அடிமரத்தைச் சுற்றி வேர் கயிறுபோல் வளைந்திருந்தால் வாங்காதீர்கள். அந்த வேர் மண்ணிலும் அப்படியே சுற்றித் தடித்து, ஐந்தாறு வருடத்தில் அடிமரத்தை நெரிக்கும். மரம் காற்றில் சாயும்போதுதான் காரணம் தெரியவரும்.

ஒட்டு மா என்றால் ஒட்டிடம் தெளிவாகத் தெரிய வேண்டும், அதற்குக் கீழே துளிர் இருக்கக் கூடாது. கறுத்தக்கொழும்பான் என்று சொல்லி விதைக்கன்றைத் தருபவர்களும் உண்டு.

எங்கள் வளவிலேயே தவறான இடத்தில் நிற்கும் மரத்தை மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் ஒரே நாளில் அல்ல. அக்டோபரில் மாற்ற வேண்டுமானால் பெப்ரவரியில் வேலை தொடங்க வேண்டும். அடிமர விட்டத்தின் 10 முதல் 12 மடங்கு விட்டத்தில் ஒரு வட்டம் போடுங்கள்: 3 அங்குல மரத்துக்கு இரண்டரை முதல் மூன்றடி. வட்டத்தின் பாதிச் சுற்றில் மட்டும் ஓரடி அகலம், இரண்டடி ஆழம் கால்வாய் வெட்டி, குறுக்கே வரும் வேர்களை வாளால் நேராக அறுங்கள். மண்வெட்டியால் கொத்தினால் வேர் நார்நாராகக் கிழிந்து அழுகும். கால்வாயைத் தளர்ந்த மண்ணும் மக்கிய எருவும் கலந்து மூடித் தண்ணீர் விடுங்கள். சித்திரைச் சிறுமழையோடு மறுபாதி. அறுத்த முனைகளில் தலைமயிர்போல் புதுவேர் கிளம்பும். ஐப்பசியில் மரத்தோடு போகப்போவது அந்த வேர்தான்.

எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு நன்றாகத் தண்ணீர் விடுங்கள். காய்ந்த செம்மண் முட்டு தூக்கியவுடன் உடையும். பழைய வெட்டுக்கு நாலு அங்குலம் வெளியே கிண்டி, கீழே ஒடுங்கிவரச் செதுக்கி, சணற்சாக்கால் இறுகச் சுற்றிக் கயிற்றால் வலைபோல் கட்டுங்கள். கடைசியாக அடிவேரை அறுங்கள். அடிமரத்தின் வடக்குப் பக்கத்தில் சுண்ணாம்பால் ஓர் அடையாளம் வையுங்கள். புது இடத்திலும் அதே பக்கம் வடக்கே இருந்தால் நிழலில் இருந்த பட்டை வெயிலில் வெடிக்காது.

எவ்வளவு பாரம் இருக்கும்? ஆட்களால் தூக்கலாமா?

மூன்றடி விட்டம், இரண்டடி ஆழமுள்ள ஈர மண்முட்டு அரைத் தொன்னுக்குக் குறையாது. நாலு அங்குல மரத்தின் முட்டு ஒரு தொன்னைத் தாண்டும். நாலு பேர் சேர்ந்து அடிமரத்தைப் பிடித்து இழுத்தால் மரம் வரும், மண் கிடங்கிலேயே கிடக்கும். அப்படி எடுத்த மரம் பிழைக்காது. முட்டின் கீழே பட்டி போட்டுப் பெக்கோவாலோ கிறேனாலோ தூக்க வேண்டும். ஒழுங்கை ஒடுக்கமாக இருந்தால் கிடங்கின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டி, பலகையில் இழுத்து, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றலாம். ஓடும்போது தலைப்பகுதியை ஈரச் சாக்கால் மூடுங்கள். அரை மணி நேர எதிர்க்காற்றே இலையை உலர்த்திவிடும்.

இரண்டடியில் கல்லு வருகிறது. என்ன செய்வது?

வலிகாமத்தில் இது வழமை. முதலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கிடங்கை நிரப்பி, வற்றியபின் இரண்டாம் முறை நிரப்புங்கள். விடியும்போது வற்றியிருந்தால் கல்லில் வெடிப்பு இருக்கிறது, வேருக்கு வழியுண்டு. வற்றாவிட்டால் அது கல்லுத் தொட்டி; மாரியில் வேர் மூச்சுமுட்டி அழுகும். அலவாங்கால் அடித்தளத்தில் இரண்டு மூன்று இடங்களில் வெடிப்பு விழும்வரை உடையுங்கள். உடையாத கல்லென்றால் ஆழத்தை விட்டு அகலத்தைக் கூட்டி, முட்டின் மூன்றிலொரு பங்கு நிலமட்டத்துக்கு மேலே நிற்கும்படி ஆறடி அகலத்தில் மண் அணைத்து மேடாக நடுங்கள்.

வீடு கட்டிய மிச்சச் சாந்து, சீமெந்துக் கட்டி, ஓட்டுத் துண்டு ஒன்றும் கிடங்கில் போகக் கூடாது. சுண்ணாம்பு ஏற்கெனவே மிகுந்த மண் இது.

கிடங்கின் அடியில் குழை தாழ்க்கலாமா?

குழை தாழ்ப்பது, அதாவது பச்சைக் குழையை எருவாக மண்ணில் புதைப்பது, நல்ல வழக்கம், ஆனால் வளர்ந்த மரத்துக்கு அதை நடும் நாளில் முட்டின் கீழே செய்வதுதான் பிழை. பூவரசங்குழை மக்கும்போது அடி இறங்கும். அரைத் தொன் முட்டும் சேர்ந்து இறங்கி, அடிமரம் மண்ணுக்குள் அரை அடி புதைந்துவிடும். முட்டு எப்போதும் கிண்டாத கெட்டித் தரையிலோ கல்லிலோ அமர வேண்டும். குழையைப் பக்கங்களில் போடுங்கள், அல்லது ஆவணியிலேயே தாழ்த்து மண்ணை இறுக விடுங்கள்.

சுற்றி நிரப்ப, வெட்டியெடுத்த அதே மண்தான் நல்லது. ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய மாட்டெரு, ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கு கலக்கலாம். பச்சைச் சாணம் வேரைச் சுடும், கறையானையும் கூட்டிவரும். பனையோலைத் துண்டும் தடித் துண்டும் கிடங்கில் இருந்தாலும் கறையான் வரும்.

எவ்வளவு ஆழத்தில் நடுவது?

அடிமரம் விரிந்து வேராகப் பிரியும் இடம் நிலத்துக்கு மேலே தெரிய வேண்டும். கிடங்கின் ஆழம் முட்டின் உயரமே, ஓர் அங்குலம் குறைந்தாலும் நல்லது. அகலம் முட்டைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. ஆழமாக நட்டால் காற்றுக்குத் தாங்கும் என்று நினைத்துப் புதைப்பது வேண்டாம். புதைந்த பட்டை மெல்ல அழுகி, இரண்டு மூன்று வருடம் கழித்து, காரணம் தெரியாமல் மரம் படும்.

பொலித்தீன் பையையும் உரப்பையையும் முழுக்க நீக்குங்கள். சணற்சாக்கின் மேற்பாதியை வெட்டி எடுங்கள், கீழ்ப்பாதி மக்கிவிடும். பையில் வளர்ந்த மரமென்றால் முட்டின் வெளிப்புறத்தை ஓர் அங்குலம் கூரிய கத்தியால் செதுக்கிவிடுங்கள். சுற்றிய வேர் அறுபட்டு நேரே வெளியே போகும்.

தண்ணீர் எவ்வளவு?

3 அங்குல மரத்துக்கு ஒரு தடவை 30 முதல் 40 லீற்றர், அதாவது மூன்று நாலு வாளி. முதல் இரண்டு கிழமை நாள்தோறும், பிறகு மூன்று மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள். நல்ல மழை பெய்த நாட்களை விட்டுவிடுங்கள். ஆனால் சிறு தூறலை நம்ப வேண்டாம். மாசி தொடங்கி அடுத்த ஐப்பசி வரை கிழமைக்கு இரண்டு தடவை 60 லீற்றர்.

முதல் மாதங்களில் வேர் முழுவதும் முட்டுக்குள்தான் இருக்கிறது. சுற்றுமண் சேறாகக் கிடக்க, முட்டு மட்டும் காய்ந்துபோவதுண்டு. ஆகவே பாத்தியை முட்டின் விளிம்பிலேயே கட்டி, முட்டுக்குள் நாலு அங்குலம் விரலை விட்டு ஈரம் பாருங்கள். குழாயை வைத்து வேகமாக விட்டால் பாதி ஓடிவிடும். 20 லீற்றர்க் கலன் இரண்டின் அடியில் ஆணித்துளை போட்டு அடிமரத்தின் இரு பக்கமும் வைத்தால் மெல்ல இறங்கும்.

மேலே மூன்று அங்குலம் சருகு பரப்புங்கள், அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி. பொச்சுமட்டை போடுபவர்கள் கவிழ்த்துப் போடுங்கள். நிமிர்ந்த மட்டையில் மாரித் தண்ணீர் தேங்கினால் நுளம்பு பெருகும்.

எங்கள் கிணறு சவர். மரம் வருமா?

தீவகத்திலும் கரையோரத்திலும் தென்னை, பூவரசு, வேம்பு, புன்னை வரும். மாவுக்கும் தேசிக்கும் சவர் ஆகாது. இலையின் ஓரம் நுனியிலிருந்து கருகத் தொடங்கும். தண்ணீரைச் சோதிப்பவர்கள் ஆவணி புரட்டாதியில் சோதியுங்கள், உப்பு உச்சத்தில் இருப்பது அப்போதுதான். தை மாதத்து முடிவைப் பார்த்து மா வைத்தால் ஏமாறுவீர்கள். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து முதல் கோடைக்கு வைத்துக்கொள்வது பெரிய உதவி.

நட்ட பத்தாம் நாள் இலையெல்லாம் கொட்டிவிட்டது. பட்டுப்போய்விட்டதா?

கொட்டினால் நல்ல அறிகுறி. மரம் தானே இலையை உதிர்க்க உயிர் வேண்டும். இலை காய்ந்து உதிராமல் கிளையிலேயே தொங்கினால் அந்தக் கிளை பட்டுவிட்டது. நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள்: உள்ளே பச்சை என்றால் காத்திருங்கள். இலையில்லாத மரத்துக்குத் தண்ணீர்த் தேவை குறைவு. பயத்தில் இரட்டிப்பாக ஊற்றி வேரை அழுகவிடுவதுதான் அதிகம் நடக்கிறது.

குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறதே?

சுண்ணாம்பு மண்ணில் இரும்பு வேருக்குக் கிடைக்காத குறை. மண்ணில் இரும்புச் சல்பேற்றைக் கொட்டினால் அதையும் சுண்ணாம்பு பிடித்துவிடும். மக்கிய எருவைத் தொடர்ந்து மேலே இடுங்கள். அவசரத்துக்கு இரும்பும் நாகமும் கலந்த நுண்ணூட்டத்தைப் பையில் குறித்த அளவில் கரைத்து வெயில் தணிந்தபின் இலைக்குத் தெளியுங்கள்.

யூரியா போடலாமா?

முதல் ஆறு மாதம் வேண்டாம்.

காற்றுக்கு எப்படித் தாங்கு கொடுப்பது?

மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து, கோடையில் சோளகம் தென்மேற்கிலிருந்து. இரண்டு கம்பமென்றால் அந்த இரு திசையிலும், முட்டுக்கு வெளியே கிண்டாத மண்ணில் இரண்டடி இறக்குங்கள். அகலமான நாடாவாலோ பழைய சைக்கிள் ரியூப்பாலோ அடிமரத்தின் மூன்றிலொரு உயரத்தில், கொஞ்சம் அசையும்படி கட்டுங்கள். அசைந்தால்தான் அடி தடிக்கும். கம்பி பட்டையை வெட்டும். ஒரு வருடத்தில் அவிழ்த்துவிடுங்கள். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்ததுபோன்ற மழையில் மண் குழையும்போது, புதிய மரத்தை நிறுத்துவது இந்தக் கம்பங்களே.

கிணறு, மலசலகூடக் குழி, மதில் ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தூரம்?

வேம்பும் மாவும் கிணற்றுக்கும் வீட்டுக்கும் 20 அடி, குழிக்கு 15 அடி. தென்னை வீட்டுக்கு 15 அடி. தேங்காய் ஓட்டில் விழாத தூரம் அது. தேசி, மாதுளைக்கு 8 அடி போதும். மதிலோரத்தில் நடும் மரத்தின் கிளை அயலார் வளவுக்குள் போகும் என்பதை இப்போதே யோசியுங்கள். ஒரு பரப்புக் காணி, அதற்குள் வீடு என்றால் பெரிய மரம் ஒன்று, சிறியவை மூன்று. அதற்கு மேல் இடமில்லை. மின்கம்பிக்குக் கீழே எதுவும் வேண்டாம்.

காணியில் ஏற்கெனவே பெரிய மாமரம் நிற்கிறது. தறித்துவிட்டு வீடு கட்டியபின் புதிதாக நடலாம் அல்லவா?

தயவுசெய்து தறிக்காதீர்கள். எந்தக் கிறேனும் அந்த மரத்தைத் திருப்பித் தராது. வரைபடத்தைப் பத்தடி நகர்த்த முடியுமா என்று முதலில் பாருங்கள். அடிமரம் ஓர் அங்குல விட்டத்துக்கு ஓரடி ஆரம் என்று கணக்கிட்டு, 15 அங்குல மரத்துக்குப் 15 அடி சுற்றில் கம்பமும் கயிறும் கட்டுங்கள். அதற்குள் மணலும் கல்லும் குவிக்கவோ, சாந்து குழைக்கவோ, லொறி திரும்பவோ விடாதீர்கள். மேசன்மார் வேலை தொடங்க முன்பே இதைச் சொல்லிவிடுங்கள், மணல் பறித்தபின் சொல்லிப் பயனில்லை.

அனுமதி எடுக்க வேண்டுமா?

நடுவதற்குத் தேவையில்லை. பலாவையும் பெண்பனையையும் தறிப்பதற்குச் சொந்தக் காணியிலும் அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அரச காட்டிலிருந்து கிண்டி வந்த மரத்தை எவர் விற்றாலும் வாங்க வேண்டாம், அது சட்டப்படி குற்றம்.

வளர்ந்த பனையைக் கொண்டுவந்து வைக்கலாமா?

வைக்க முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பனங்கொட்டை முளைக்கும்போதே நிலத்துக்குள் ஆழமாக இறங்கி, அங்கிருந்துதான் மேலே வரும். வடலியைக் கிண்டினாலும் அடி அறுந்துவிடும். ஆவணி புரட்டாதியில் விழும் பழத்தின் கொட்டையை, மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே, எல்லையோரமாக ஆறடிக்கு ஒன்றாக அரை அடி ஆழத்தில் புதையுங்கள். தண்ணீர் ஊற்றவும் தேவையில்லை. வடலி தெரியும்வரை அந்த இடத்தில் ஒருவரும் உழாமல் தடி நட்டு அடையாளம் வைத்தால் போதும்.